கம்பி வளராமல் ஊர் வளருமா?

ஒரு ஊரில் சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கு மங்கினால் நம் ஜனங்கள் முதலாவதாக வைவது லைன்மேனை. இரண்டாவதாக வைவது அப்போது எந்தக் கட்சி சர்க்கார் நடத்துகிறதோ அந்தக் கட்சியை. மூன்றாவதாகத் தங்கள் தலையெழுத்தை. இந்த மூன்றில் எதுவாவது விளக்கு மங்கியதற்கு நேரான காரணமா என்று யோசித்துப் பார்க்கிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். லைன்மேன் அறுந்த இடத்தில் கட்டுகிறவரே ஒழிய, எந்த ஊருக்கு எவ்வளவு கனமான கம்பி போடுவது என்று தீர்மானிக்கிறவர் அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கீழத்தஞ்சைப் பக்கம் லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தபோது, வயல் சேற்றில் இறங்கி, கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போனவர்கள் இந்த லைன்மேன்கள்தான். அவர்களை வைகிறதில் நமக்கு ஒரு வெட்கமும் ஏற்படுவதில்லை.

விளக்கு மங்குவதற்குக் காரணம் என்ன? காவிரிப் பாசனத்தில் கடைமடை என்றால் என்ன என்று நம் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அணை நிரம்பி இருக்கலாம். தலைமடைக்காரன் வயலில் தண்ணீர் தளும்பலாம். வாய்க்கால் குறுகலாயிருந்தால் கடைமடைக்காரன் வாயில் மண்தான். மின்சாரத்துக்கும் இதே கதிதான். பவர் ஹவுஸ் என்பது அணை. கம்பி என்பது வாய்க்கால். நம் நாட்டில் பவர் ஹவுஸுக்கு அஸ்திவாரக்கல் நாட்ட மந்திரிகள் வருகிறார்கள், மாலை போடுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். ஒரு பழைய கம்பியைக் கழற்றிவிட்டுக் கனத்த கம்பி போடுவதற்கு மாலையோடு வந்த ஒரு மந்திரியை நாம் இதுவரை கண்டதில்லை. ஆனபடியால் அணை பெருத்துக்கொண்டே போகிறது. வாய்க்கால் நம் பாட்டன் வெட்டினபடியே கிடக்கிறது.

டிரான்ஸ்பார்மர் வைத்த காலத்தில் ஒரு கிராமத்தில் நூறு வீடு, வீட்டுக்கு இரண்டு விளக்கு என்று வைத்துக்கொள்வோம். இன்று அதே இடத்தில் முந்நூறு வீடு. வீட்டுக்கு நாலு விளக்கு, மூன்று மின்விசிறி, மாவரைக்க மெஷின், டெலிவிஷன், குளிர்பெட்டி. சில வீடுகளில் அறையைக் குளிரவைக்கும் யந்திரமும் உண்டு. இவ்வளவு சுமையையும் சுமக்க வேண்டிய கம்பி அந்த இரண்டு விளக்குக் காலத்துக் கம்பிதான். கம்பியில் ஓட்டம் அதிகமாக ஆக வழியிலேயே அழுத்தம் இறங்கிப் போகிறது. தலைப்பு வீட்டில் 230 வோல்ட் இருந்தால் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 180, 170 ஆகிவிடுகிறது. அந்த வோல்டேஜில் கிணற்று மோட்டாரை ஓட்டினால் மோட்டார் தன் வேலையைச் செய்வதற்காக அதிகக் கரண்டை இழுக்கிறது. இழுக்க இழுக்கச் சூடேறுகிறது. காயில் எரிந்து போகிறது. காயில் கட்டும் கூலி விவசாயியின் மடியிலிருந்து போகிறதே தவிர இலாகாவின் கணக்கில் எங்கும் ஏறுவதில்லை. இலவச மின்சாரம் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் உண்டு என்பது உண்மையே. ஆனால் மோட்டாரை எரிக்கிற மின்சாரம் இலவசமாகக் கிடைத்தால் அதன் விலை என்ன என்பதைக் காயில் கட்டுகிறவரிடம் கேட்டால்தான் தெரியும்.

நமக்குத் தெரிந்த ஒரு ஊரில் ஒரே கோடையில் மூன்று தடவை ஒரே மோட்டார் எரிந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி என்ன செய்தார்கள் என்றால், டிரான்ஸ்பார்மருக்குத் திருஷ்டி என்று முடிவு கட்டி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார்கள். நாம் போய்ப் பார்த்தபோது பழம் வற்றிப் போயிருந்தது, வோல்டேஜும் அப்படியே. அந்த ஊரிலிருந்து ஒரு மனுவாவது போனதா என்று விசாரித்தோம். போகவில்லை. பழத்துக்குச் செலவழித்த காசில் ஒரு மனு எழுதி பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கலாம் என்று சொன்னதற்கு நம்மேல் கோபித்துக்கொண்டார்கள்.

நிற்க, இந்தக் கடைமடையில் குடியிருப்பவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பல ஊர்களில் டிரான்ஸ்பார்மர் ஊர்த் தெருவின் பக்கம் இருக்கிறது. அதிலிருந்து கிளை பிரித்து, கிளைக்கு ஒரு கிளை பிரித்து, கடைசியில் போய்ச் சேருவது சேரிக்கு. இதற்கு எந்தச் சாஸ்திரமும் எந்த எஞ்சினீயரும் உத்தரவு போடவில்லை. ஊரைக் கட்டினவர்கள் யாரை எங்கே ஒதுக்கி வைத்தார்களோ அந்த வழியிலேயே கம்பியும் போனது, அவ்வளவுதான். தெருவில் நடக்க உரிமை, கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை என்று போராடின நாம், கம்பியின் கடைசியில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

சர்க்காரின் கணக்கு இதையெல்லாம் காட்டாது. 28-4-2018-ல் மணிப்பூரிலுள்ள லெய்சாங் என்ற கிராமத்துக்குக் கம்பி போனதோடு இந்தியாவில் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டது என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கின்படி ஒரு கிராமத்தில் பொது இடங்களுக்கும் நூற்றுக்குப் பத்து வீடுகளுக்கும் மின்சாரம் இருந்தால் கிராமத்துக்கே மின்சாரம் வந்ததாக அர்த்தம். பந்தியில் நூறு பேர் உட்கார்ந்து பத்துப் பேர் இலையில் சோறு விழுந்ததும் விருந்து முடிந்துவிட்டது என்று சமையற்காரன் கையைக் கழுவினால் நாம் சும்மா இருப்போமா?

கிராமத்துச் சின்னக் கம்பியின் கதை இப்படியென்றால், மாகாணங்களுக்கு இடையே போகும் பெரிய கம்பியின் கதை இதைவிடப் பெரியது. தமிழ்நாட்டில் நீர்மின்சாரம் 1932-ல் நீலகிரியில் பைக்காராவில் பெரிய அளவில் ஆரம்பமானது. பிறகு 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம். பைக்காராவிலிருந்து 66 ஆயிரம் வோல்ட் கம்பி கோயமுத்தூருக்கு இறங்கிய பிறகுதான் அங்கே பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. கிணறுகளில் மோட்டார் ஏறிற்று. மலையில் தண்ணீர் அதற்கு முன்பும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதனுடைய பலன் சமவெளிக்கு வந்தது கம்பி வந்தபோதுதான்.

அந்த 66 ஆயிரம் வோல்ட் பிறகு ஒரு லட்சத்துப் பத்தாயிரமாகி, இரண்டு லட்சத்து முப்பதாயிரமாகி, நாலு லட்சமாகி, இன்று ஏழு லட்சத்து அறுபத்தையாயிரம் வரை போயிருக்கிறது. எதற்காக இவ்வளவு அழுத்தம் என்று கேட்கலாம். கணக்கு சுலபமானது. ஒரே அளவு மின்சாரத்தை இரண்டு பங்கு அழுத்தத்தில் அனுப்பினால் கம்பியில் ஓட வேண்டிய கரண்ட் பாதியாகிறது. கரண்ட் பாதியானால் கம்பி சூடாகி வீணாகும் நஷ்டம் பாதியாவதில்லை, காற்பங்காகிவிடுகிறது. ஆகவே கம்பியின் அழுத்தத்தை உயர்த்துவது ஆடம்பரமல்ல. வழியில் சிந்துகிற மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாகும். இந்த ஒரு கணக்கைப் பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சொன்னால் புரிகிறது. பட்ஜெட் எழுதுகிறவர்களுக்குப் புரிவதற்குத்தான் வருஷக்கணக்காகிறது.

அப்படி வருஷக்கணக்கானதில் நாம் அனுபவித்தது என்ன? 2008 முதல் 2013 வரை தமிழ்நாட்டு ஜனங்கள் இருட்டில் கிடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். 2012-ல் சென்னையில் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் வெளியூர்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் நிறுத்தினார்கள். கோயமுத்தூர், திருப்பூர் பக்கத்துச் சிறு பட்டறைகளில் கூலி போயிற்று. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்குக் கண் போயிற்று. அப்போது எல்லோரும் சொன்ன பதில், மின்சாரம் போதவில்லை என்பதுதான். போதவில்லை என்பது பாதி உண்மை. வடக்கேயும் மேற்கேயும் விலைக்கு மின்சாரம் கிடைத்தபோதுகூட அதைத் தெற்கே கொண்டுவரப் போதுமான கம்பி இல்லை என்பது மீதிப் பாதி. தெற்கத்திக் கம்பி வலை 31-12-2013-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்த பிறகுதான் மற்ற வலைகளோடு ஒரே வலையாகச் சேர்ந்தது. அதுவரை நடுவே இருந்தவை சில ஒற்றையடிப் பாதைகளே.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதே இருட்டு வருஷங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்று பலமாக அடித்தது. காற்றாலைகள் சுற்றத் தயாராக நின்றன. ஆனால் அவை கொடுக்கும் மின்சாரத்தை எடுத்துப் போகக் கம்பிக்குச் சக்தி போதாமல் பல சமயங்களில் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னார்கள். ஒரு பக்கம் வீட்டில் விளக்கு இல்லை, இன்னொரு பக்கம் காற்றை வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறோம். பசித்தவன் வாசலில் நிற்க, கதவு குறுகல் என்று சோற்றை உள்ளேயே ஊசவிட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த இடத்தில் ஒரு ஆக்ஷேபணை வரும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் கம்பி வலை அறுந்து ஏறக்குறைய 60 கோடி ஜனங்கள் வாழும் பிரதேசம் இருண்டபோது தெற்குப் பிரதேசம் தப்பித்தது; ஒரே வலையாகச் சேராமல் இருந்ததால்தானே தப்பித்தோம் என்பார்கள். அது வாஸ்தவமே. ஆனால் அன்று நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையில் ஒரு கம்பியை 765 ஆக உயர்த்தும் வேலைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். சுமை முழுவதும் மற்றொரு கம்பியின் தலையில் விழுந்தது. அது தாங்காமல் விழுந்ததும் அதன் சுமை அடுத்ததன்மேல், பிறகு அதற்கடுத்ததன்மேல் என்று வரிசையாகச் சாய்ந்தன. அதாவது சுமை கழுத்துக்கு வந்த பிறகு கம்பியை உயர்த்தப் புறப்பட்டால் உயர்த்துகிற வேலையே ஆபத்தாகிவிடுகிறது. கம்பி சேர்வது கெடுதல் என்பதற்கு இது சாட்சியல்ல. காலம் கடந்து பலப்படுத்துவது கெடுதல் என்பதற்குத்தான் சாட்சி. 2-5-2024-ல் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட் வரை போயிற்று. பைக்காராவை ஆரம்பித்தவர்கள் கனவிலும் கண்டிராத தொகை இது. இனியும் இது ஏறுமே தவிர இறங்காது.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எல்லா இடத்திலும் டவரை நட்டுக் கம்பியை இழுத்துவிட வேண்டியதுதானே, விவசாயிகள் ஏன் குறுக்கே படுக்கிறார்கள் என்று பட்டணத்துக் கனவான்கள் கேட்பார்கள். குறுக்கே படுக்கிறவர்களுடைய பக்கத்தையும் கேட்பதுதான் யோக்கியமான காரியம்.

சத்தீஸ்கரிலுள்ள ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் 800 கிலோவோல்ட் நேர்மின்சார லைன் போட்டார்கள். 6,000 மெகாவாட் கொண்டுவரும் பெரிய காரியம், 2021-ல் முடிந்தது. இந்த லைனும் இதைச் சேர்ந்த மற்ற லைன்களும் கொங்கு நாட்டுத் தோட்டங்களின்மேல் போனபோது, 2018 டிசம்பரில் விவசாயிகள் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் மின்சாரம் வேண்டாமென்று சொல்லவில்லை. ரோட்டோரமாக மண்ணுக்கடியில் கேபிளாகக் கொண்டுபோங்கள் என்றார்கள். முடியாது என்று பதில் வந்தது. ஆனால் அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் லைனில் கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் மண்ணுக்கடியிலேயே போயிருக்கிறது. அங்கே நிலம் நெருக்கம் என்பது காரணம். காரணம் சரியாகவே இருக்கட்டும். அங்கே முடிந்த ஒன்று இங்கே எவ்வளவு தூரம் முடியும், எவ்வளவு செலவு என்பதைக் கணக்கோடு எடுத்து விவசாயியின் முன்னால் வைப்பதில் என்ன கஷ்டம்? மண்ணுக்கடியில் போடப் பல மடங்கு செலவு என்பதும், மாறுமின்சாரத்தில் நெடுந்தூரக் கேபிள் தொல்லை தரும் என்பதும் நிஜம். அந்த நிஜத்தைச் சொல்லிப் பேசியிருந்தால் பாதிப் பேராவது ஒப்புக்கொண்டிருப்பார்கள். பேசுவதற்குப் பதில் போலீஸை அழைத்துக்கொண்டு போனால் யார் ஒப்புவார்கள்?

போலீஸோடு போகும் தைரியம் எங்கிருந்து வருகிறது என்றால், 1885-ம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டத்திலிருந்து வருகிறது. வெள்ளைக்காரன் கட்டுக்கடகட தந்திக்குக் கம்பி கட்டுவதற்காகச் செய்த சட்டம் அது. தந்தி இலாகா யார் நிலத்திலும் கம்பம் நடலாம். நிலத்தை வாங்க வேண்டியதில்லை. ஏற்பட்ட சேதத்துக்கு ஈடு கொடுத்தால் போதும். சொந்தக்காரன் தடுத்தால் ஜில்லா மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். இந்த அதிகாரத்தை 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு பெரிய மின்கம்பி போடுகிறவர்களுக்கும் கொடுக்க வழி செய்துவிட்டது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி செத்தது. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து பழைய தந்திச் சட்டத்துக்கும் குழி தோண்டினார்கள். ஆனால் மின்கம்பி விஷயத்துக்கு மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாவது பாகம் தொடர்ந்து செல்லும் என்று அந்தப் புதிய சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தந்திக்கம்பி விரல் கனம்கூட இல்லாதது. அதன் கீழ் மாடு மேயும், மரம் வளரும். 400 கிலோவோல்ட் இரட்டை லைன் ஒன்றுக்குச் சுமார் 46 மீட்டர் அகலப் பாதை வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பதினோரு ஏக்கருக்கு மேல் ஆகிறது. அதன் கீழ் வீடு கட்டக்கூடாது, தென்னை வைக்கக்கூடாது. நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும், வரி அவனே கட்டுவான். இரண்டுக்கும் ஒரே சட்டம் என்றால் கொசுவுக்கும் யானைக்கும் ஒரே கூண்டு என்பது போல்தான்.

ஈட்டுத்தொகையின் சங்கதி என்னவென்றால், 2015-ல் மத்திய சர்க்கார், டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் நூற்றுக்கு 85-ம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15-ம் என்றது. 2024 ஜூனில் இதை டவர் இடத்துக்கு நூற்றுக்கு 200, பாதைக்கு 30 என்று உயர்த்தியது. எதிர்த்துப் படுத்தவர்களால் ஏற்பட்ட பலன் இது என்பது நமதபிப்பிராயம். ஆனால் இவை மாகாணங்களுக்குச் சொல்லும் யோசனைகளே தவிர உத்தரவுகள் அல்ல. மேலும் விவசாயி கேட்கிற ஒரு கேள்விக்கு இவற்றில் பதிலில்லை: செல்போன் டவர் வைத்தவன் மாதாமாதம் வாடகை கொடுக்கிறான், என் தோட்டத்தில் மின்சார டவர் நிற்கிறவரைக்கும் வருஷ வாடகை ஏன் கிடையாது? கம்பிக்காரனுக்குத் தொடர்ந்து கூலி வருகிறது. பாதை கொடுத்தவனுக்கு மட்டும் ஒரு தடவை கொடுத்து வாயைத் துடைத்துவிடுவதற்கு நமக்குத் தெரிந்தவரை ஒரு நியாயமும் இல்லை.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிய லைனின் கீழ் டியூப்லைட்டைக் கையில் பிடித்தால் எரிகிறது என்று காட்டி, இதன் கீழ் நின்றால் கர்ப்பம் கலையும், மாடு மலடாகும் என்று சிலர் பிரசாரம் செய்கிறார்கள். டியூப் மினுங்குவது நிஜம்; கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம் குழாயிலுள்ள வாயுவை ஒளிரச் செய்கிறது. அதற்கு மந்திரமும் வேண்டாம், பீதியும் வேண்டாம். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2002-ல் இந்தவகைக் காந்தப்புலத்தைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற சந்தேக வரிசையில்தான் வைத்ததே தவிர, உண்டாக்கும் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. சந்தேகம் இருப்பதால் வீட்டுக்கும் கம்பிக்கும் நடுவே தூரம் கேட்பது அறிவு. மாடு மலடாகும் என்பது புரளி. நியாயம் நம் பக்கம் பலமாக இருக்கும்போது புரளியைத் துணைக்குக் கூப்பிட்டால் எதிரி புரளியை மறுத்துவிட்டு நியாயத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவான்.

புதுப் பாதை இல்லாமலே செய்யக்கூடிய காரியங்களும் உண்டு. சாதாரண அலுமினியக் கம்பி சூடேறினால் நீண்டு தொய்ந்து தரையை நோக்கி இறங்கும். அதனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கரண்ட் விட முடியாது. சூட்டைத் தாங்கி அதிகம் தொய்யாத புதுவகைக் கம்பிகள் இப்போது வந்திருக்கின்றன. பழைய டவர்களிலேயே பழைய கம்பியைக் கழற்றி இதை ஏற்றினால் சுமார் இரண்டு பங்கு கரண்ட் போகும். கம்பி விலை அதிகம். கரண்ட் கூடினால் வழிநஷ்டமும் கூடும். ஆகவே நெடுந்தூரத்துக்கு ஏற்றதல்ல. ஆனால் வளர்ந்துவிட்ட ஊர்களின் நடுவே, புது டவருக்கு ஒரு சாண் இடமும் இல்லாத இடங்களில், இதைவிட நல்ல வழி கிடையாது. முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு மிச்சத்துக்குத் தோட்டத்தைக் கேட்டால் கேட்பதற்கும் ஒரு முகம் இருக்கும்.

பணம் எங்கே என்பார்கள். மின்சார இலாகாவின் கடன் லட்சம் கோடி ரூபாய்க்கு மேலே ஏறிக் கிடப்பது நமக்கும் தெரியும். அந்தக் கடனில் ஒரு பகுதி, கம்பி இல்லாமல் நெருக்கடி வேளையில் கண்ட விலைக்கு மின்சாரம் வாங்கியதால் ஏறியது என்பதும் தெரியும். செருப்பு வாங்கக் காசில்லை என்று முள்ளில் நடந்து, வைத்தியனுக்குக் கொடுத்த கதைதான்.

தோழர்கள் ஒன்று செய்யலாம். வோல்ட் அளக்கும் சின்ன மீட்டர் எலெக்ட்ரிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊருக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு, ஊரில் கடைசிக் கம்பத்துக்கு அப்பாலுள்ள கடைசி வீட்டில் ஒரு வாரம் தொடர்ந்து அளந்து எழுதுங்கள். 230-க்கு நூற்றுக்கு 6 மேலேயோ கீழேயோ போகலாம் என்பது விதி. அதாவது 216-க்குக் கீழே போகக்கூடாது. எழுதின காகிதத்தை அடுத்த கிராம சபையில், ஆகஸ்டு 15-ஆனாலும் அக்டோபர் 2-ஆனாலும், தலைவர் முன்னால் வைத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தலைவர் வீட்டில் எத்தனை வோல்ட் என்று பக்கத்தில் ஒரு பத்தியில் எழுதிக்கொண்டு போகவும் மறக்க வேண்டாம்.